ஆபரேஷன் முடிந்த கைகளுக்கும் ஒரு ஓ.பி. வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விரல்கள் ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு, கட்டைவிரல் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை வெற்றி என்று நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. டாக்டர்கள் வரிசையாக நிற்பார்கள். நடுவில் தாயின் இடுப்பில் கட்டுப் போட்ட கையோடு குழந்தை முறைத்துக்கொண்டிருக்கும். அந்தப் படங்களை நான் ஒன்றுவிடாமல் பார்ப்பவன். இந்தக் குழந்தைக்கு நாற்பது வயதாகும்போது அந்தக் கையை யார் பார்ப்பார்கள் என்றும் கூடவே யோசிப்பவன். கடிதம் கொஞ்சம் நீளம்தான். இடமில்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் இருக்கும் கோரிக்கையை மட்டும் வெட்டாதீர்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, பிரமாணப் பத்திரம் என்று ஊருக்கே மனு அடித்துக் கொடுப்பது தொழில். பிறந்தது நெல்லிக்குப்பம். முன்கையில் இரண்டு எலும்பு இருக்க வேண்டும். எனக்கு வலது கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு பிறக்கும்போதே இல்லை. அந்த எலும்பு இல்லாவிட்டால் கையைத் தாங்க ஆளில்லாமல் மணிக்கட்டு அந்தப் பக்கமாகவே மடங்கிவிடும். பெரும்பாலும் கட்டைவிரலும் இருக்காது, இருந்தாலும் ஒப்புக்குத் தொங்கும். எனக்குச் சுத்தமாக இல்லை. கிரகணத்தன்று அம்மா அரிவாள்மனையில் காய் நறுக்கினாள் என்று ஊரில் பேசினார்கள். அம்மா இன்றைக்கும் அதை அரைகுறையாக நம்புகிறாள். கருவில் கை முளைப்பது நான்காவது வாரவாக்கில், விரல்கள் பிரிவது எட்டாவது வாரவாக்கில். பல பெண்களுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருப்பதே தெரியவரும். இதை அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

அப்பா சர்க்கரை ஆலையில் சீசன் தொழிலாளி. யாரோ சொல்லி என்னைச் சென்னை ஸ்டான்லிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பேராசிரியர் வெங்கடசாமி 1971ல் அங்கே தொடங்கிய கை அறுவைப் பிரிவு நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. முதலில் மடங்கியிருந்த மணிக்கட்டை நிமிர்த்தி, இருந்த ஒற்றை எலும்பின் மேல் உட்காரவைத்தார்கள். அப்புறம் ஆள்காட்டி விரலை அதன் நரம்பு, இரத்தக் குழாயோடு இடம் மாற்றி, எலும்பைக் குறுக்கி, திருப்பி, கட்டைவிரலாக்கினார்கள். ஆகவே என் வலது கையில் நான்கு விரல்தான். கட்டைவிரல் கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் நீளம். மற்றபடி அது கட்டைவிரல்தான். பேனா பிடித்தேன், டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தேன், கல்யாணத்தன்று தாலி முடிச்சும் போட்டேன். முதல் முடிச்சு மட்டும்தான், மீதியை வழக்கப்படி அக்கா போட்டாள். அந்த டாக்டர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வலி என்று வாயைத் திறந்தாலே “இவ்வளவு பண்ணிக்கொடுத்தார்களே, இன்னும் என்ன?” என்கிறார்கள்.

முப்பது வயது தாண்டியபோது வலி ஆரம்பித்தது. முதலில் புதுக் கட்டைவிரலின் அடியில், உள்ளங்கைச் சதையில். பிறகு முன்கை முழுக்க. பிறகு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் தசை. இறுகிப்போய் அமுக்கினால் உள்ளே முடிச்சு தட்டுப்படும், அந்த முடிச்சை அமுக்கினால் வலி பின்மண்டை வரை ஏறும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலிருந்து கடையில் கூட்டம் இருக்கும். அன்று மாலை டீ கிளாசை வலது கையில் பிடிக்க மாட்டேன். மார்கழிப் பனியிலும் ஐப்பசி மழையிலும் அறுவைத் தழும்புக்குப் பக்கத்தில் ஒரு குடைச்சல். இடது கை சும்மா இருக்குமா? இத்தனை வருஷம் இரண்டு கை வேலையையும் சேர்த்துப் பார்த்ததில் அதுவும் இப்போது முனகுகிறது.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. எனக்குப் புரியும்படி சொன்னவர் திருப்பாப்புலியூரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட், என்னைவிடச் சிறிய பெண். இயல்பான கட்டைவிரலுக்கு உள்ளங்கையில் தனியாக ஒரு சதைமேடு உண்டு. எனக்கு அது இல்லை. ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில் அசைப்பதற்கென்று இருந்த சின்னத் தசைதான் இப்போது கட்டைவிரலை வெளியே விரிக்கும் வேலையைப் பார்க்கிறது. விரலை நிமிர்த்திய தசைநாண் கட்டைவிரலை நிமிர்த்துகிறது. எல்லோருக்கும் வேலை மாறிவிட்டது, ஆள் அதே ஆள்தான். டிவிஎஸ் ஃபிப்டியில் நெல் மூட்டை ஏற்றுவது மாதிரி: வண்டி போகும், வருஷக்கணக்கில் போகும், ஆனால் அதன் செயினையும் டயரையும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கட்டும் எனக்குச் சரியாக மடங்காது, முன்கையும் குட்டை. கீபோர்டை எட்ட மற்றவர்கள் மணிக்கட்டால் செய்வதை நான் தோளால் செய்கிறேன். என் மாதிரிக் கைகளில் கட்டைவிரல் பக்கம் விறைப்பாகவும் சுண்டுவிரல் பக்கம் தெம்பாகவும் இருக்கும். அதனால் பையைத் தூக்குவது, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது எல்லாம் கடைசி இரண்டு விரல்தான். நிமிர்த்திய மணிக்கட்டும் வருஷம் போகப் போக மறுபடி பழைய பக்கமே சாயப் பார்க்கும். எனக்கும் சாய்ந்திருக்கிறது.

இந்த விளக்கம் கிடைப்பதற்கு முன்னால் நான் ஏறி இறங்கிய படிகளைச் சொன்னால் தனிக் கடிதமாகிவிடும். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு “விபத்தா?” என்றார். பிறவி என்றேன். “என்ன ஆபரேஷன் செய்தார்கள், பேப்பர் இருக்கிறதா?” என்றார். அப்பா பத்திரமாக வைத்திருந்த டிஸ்சார்ஜ் பேப்பர், 2015 வெள்ளத்தில் டிரங்குப் பெட்டியோடு ஊறிக் கூழாகிவிட்டது. எலும்பு டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு எழுதினார். அங்கே “அறுவை நன்றாகத்தான் இருக்கிறது, நரம்பு டாக்டரைப் பாருங்கள்” என்றார்கள். நரம்பு டாக்டர் கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது டாக்டர்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரிகிறது, நோயாளி முகத்தை அப்போது அவர்கள் பார்ப்பதில்லை. கடைசியில் எல்லோரும் எழுதியது ஒரே டைக்ளோஃபெனாக் மாத்திரை. அதை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், பிரஷர் ஏறும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. இருந்தும் நம் ஊரில் தெருமுனை மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். ‘வலி ஊசி’ என்று கேட்டாலே போட்டுவிடும் கிளினிக்குகளும் உண்டு.

ஜிப்மருக்குப் போகலாமே என்பார்கள். கடலூர்க்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஜிப்மர்தான். விடியற்காலையில் கிளம்பி, பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ் பிடித்து, சீட்டு வாங்கி உட்கார்ந்தால் அன்றைய பிழைப்பு போயிற்று. பெரிய அறுவைக்கு அந்த அலைச்சல் தகும். வாரா வாரம் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு அங்கே போய்வருவது முடிகிற காரியமில்லை. போகவர பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதிலேயே தோள் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

எனக்கு எது உதவியது என்று எழுதுகிறேன், என்னைப் போன்ற யாருக்காவது பயன்படும். முதலில் மெழுகு. பாரஃபின் மெழுகை மின்சாரத் தொட்டியில் ஐம்பது டிகிரிக்குச் சற்று மேலே உருக்கி வைத்திருப்பார்கள். கையை விரல் விரித்தபடி முக்கி எடுக்க வேண்டும். முதல் முக்கலில் சுரீரென்று இருக்கும். வெளியே எடுத்ததும் மெழுகு வெளுத்துப் படியும். மறுபடி முக்கு, மறுபடி எடு. ஏழெட்டுப் படலம் ஏறியதும் பிளாஸ்டிக் உறை போட்டுத் துண்டால் சுற்றி விட்டுவிடுவார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு மணிக்கட்டிலிருந்து உரித்தால் முழுக் கையுறையாகக் கழன்று வரும். நான்கு விரல் கையுறை. அந்தப் பெண் அதை உருட்டித் தொட்டியிலேயே போட்டுவிடுவார். உடனே, கை இளகியிருக்கும்போதே, பயிற்சி. தழும்பின் மேல் தேங்காயெண்ணெய் தொட்டு வட்டமாக அமுக்கித் தேய்ப்பது, கட்டைவிரலை மெதுவாக விரிப்பது, மாவு போன்ற களிமண்ணைப் பிசைவது. தோளுக்கு ரப்பர் பட்டி. ஒரு தடவைக்கு 200 ரூபாய். வீட்டில் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கிறேன், அதுவும் கேட்கிறது. ஒரு எச்சரிக்கை: தோல் ஒட்டுப் போட்ட இடத்தில் சிலருக்கு உணர்ச்சி குறைவாக இருக்கும். சுடுவது தெரியாது, கொப்பளித்துவிடும். மறு கையால் சூடு பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது, வேலையைத் துண்டு போடுவது. இருபது நிமிடம் அடித்தால் ஐந்து நிமிடம் கையை மடியில் வைத்துவிட வேண்டும், வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே. இது சொல்ல எளிது. வரிசையில் நிற்கும் பாட்டி “ஏம்ப்பா உட்கார்ந்திருக்க?” என்று கேட்கும்போது கடினம். கீபோர்டைத் தாழ்த்தி மேசையின் இடப்பக்கம் நகர்த்தினேன். மவுஸை இடது கைக்கு மாற்றினேன், பிறகு அந்தக் கை வலிக்கிறது என்று இரண்டுக்கும் மாற்றி மாற்றி வைக்கிறேன். பேனாவில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கியிருக்கிறேன். இரவில் மணிக்கட்டு சாயாமல் தாங்க ஒரு பிளாஸ்டிக் அணை. மனைவிக்கு அதன் மேல் கோபம், தூக்கத்தில் அவள் மேல் பட்டுவிடுகிறது.

மாத்திரையும் உண்டு. ராத்திரிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். மருந்துக் கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “சார், இது மன அழுத்த மாத்திரை, யாருக்கு?” என்றான். அவன் சொன்னதிலும் தவறில்லை, அதற்காக வந்த மருந்துதான். அதைவிடக் குறைந்த அளவில் நாள்பட்ட வலிக்கும் தருகிறார்கள், தூக்கமும் சரியாகிறது. வாய் உலர்கிறது, காலையில் கொஞ்சம் மந்தம். டாக்டர் எழுதாமல் யாரும் வாங்கிப் போட வேண்டாம். இவ்வளவுக்கும் பிறகு வலி போய்விட்டதா என்றால், இல்லை. திங்கட்கிழமை மாலை டீ கிளாசைப் பிடிக்க முடிகிறது, அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிது.

இது என் ஒருவன் கதை என்று நினைக்க வேண்டாம். ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலாக்கும் இந்த அறுவையை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து பக்-கிராம்கோ. 1971ல் அவர் எழுதிய கட்டுரையைத்தான் கை அறுவை டாக்டர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே அவருக்கு அத்தனை குழந்தைகள் வந்தது தாலிடோமைடு என்ற மாத்திரையால். 1957 முதல் 1961 வரை கர்ப்பிணிகளும் வாங்கிச் சாப்பிட்டு, கை கால் குறையோடு ஆயிரக்கணக்கில் பிறந்தன. அந்தக் குழந்தைகள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். வளைந்து நெளிந்து சமாளித்தே வாழ்ந்ததில் தோள், கழுத்து, முதுகெல்லாம் அவர்களுக்கு வலி. பிறவிக் குறைக்கு மேல் பின்னாளில் சேரும் சேதம் என்று அதை ஆராய்ந்து கணக்கில் எடுத்துக்கொண்ட ஜெர்மனி, 2013ல் அவர்களுடைய உதவித்தொகையை வெகுவாக உயர்த்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனிக் குறியீடே இருக்கிறது. அறுவைக்குப் பின் நீடிக்கும் வலிக்கு அதற்குள் தனி இடம். ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்பதோடு பேச்சு முடியக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் மாநிலமும் இதில் பின்தங்கியது அல்ல. வேலூரில் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். அந்தக் கைகளுக்கு வலியே தெரியாது, அதனாலேயே சுட்டுக்கொண்டு, வெட்டிக்கொண்டு சரிசெய்த கையை மறுபடி கெடுத்துக்கொள்வார்கள். அறுவையோடு விடாமல், அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்றும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் பிரச்சினை நேர்மாறு, வலி தெரிந்துகொண்டே இருக்கிறது. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

கொஞ்ச நாள் முன்பு குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு கடைக்கு வந்தார், மாற்றுத்திறனாளி அட்டைக்கு மனு அடிக்க. குழந்தைக்கு என் கை. அடித்துக்கொண்டிருந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “அண்ணே, ஆபரேஷன் பண்ணா எல்லாம் சரியாயிடுமா?” என்று கேட்டார். பண்ணும்மா, கண்டிப்பா பண்ணு, தள்ளிப்போடாதே என்றேன். பேப்பர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மூன்று பேர் போனில் வைத்துக்கொள் என்றேன். தினமும் தழும்பைத் தேய்த்துவிடு, அணையைக் கழற்றிப் போட்டுவிடாதே, பள்ளிக்கூடத்தில் கனமான பையைக் கொடுக்காதே என்றும் சொன்னேன். பெரியவனான பிறகு எங்கே காட்டுவது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

பதில் ஏன் இல்லை என்று பாருங்கள். மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013ல் வந்தது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் டாக்டர் குழு வந்து குழந்தைகளைப் பரிசோதித்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறது. நல்ல திட்டம். அதன் பிறவிக் குறைபாட்டுப் பட்டியலில் பிளவு உதடு உண்டு, வளைந்த பாதம் உண்டு, இடுப்பு மூட்டுப் பிசகு உண்டு. கையைத் தனியாகக் காணோம். பட்டியலில் இருந்தாலும் பதினெட்டு வயதோடு கணக்கு முடிந்துவிடும், எங்களுக்கு வலி தொடங்குவதே அதற்குப் பிறகுதான். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், ஆனால் படுக்கையில் கிடப்பவர்களுக்கு. நான் கடைக்கு நடந்து போகிறவன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி குறைபாடு நாற்பது சதவீதம் இருந்தால்தான் பல சலுகைகள். சதவீதம் போட்ட மருத்துவக் குழுவில் பேனாவைப் பிடி, விரலை மடக்கு, கையைத் தூக்கு என்றார்கள். எல்லாம் செய்தேன். வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருமுறை தூக்குவதும் நாளெல்லாம் தூக்குவதும் ஒன்றா என்ன?

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் என் கோரிக்கை. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில், பிறவிக் கைக்குறைக்கு அறுவை செய்துகொண்ட பெரியவர்களுக்கென்று வாரம் ஒரு நாள் ஓ.பி. வேண்டும். எலும்பு டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன், பிசியோதெரபிஸ்ட் மூவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும், சீட்டு எழுதி மாடி மாடியாக அனுப்பக் கூடாது. தீக்காயம், மெஷினில் அடிபட்ட கை என்று வருபவர்களும் சேர்ந்துகொள்ளட்டும். சிப்காட் இருக்கும் ஊர், அவர்களுக்கும் இதே பாடுதான். கைக்குச் சிகிச்சை செய்யத் தனிப் பயிற்சி எடுத்த ஒரு பிசியோதெரபிஸ்டாவது மாவட்டத்தில் இருக்கட்டும். இன்றைக்கு அறுவை செய்யும் ஒவ்வொரு குழந்தைக்கும் எந்தத் தசை எங்கே மாற்றப்பட்டது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், அதை மாற்றுத்திறனாளி அட்டையோடு கணினியிலும் ஏற்றட்டும், வெள்ளம் வந்தாலும் போகாது. புதுச்சேரி அரசும் அந்தப் பக்கம் இதையே செய்தால் எல்லைக்கு இரண்டு பக்கமும் அலைச்சல் குறையும்.

செலவு பெரிதில்லை. மெழுகுத் தொட்டி ஒன்று, ரப்பர் பட்டிகள், ஒரு அறை. எந்தக் கிழமையாக வைத்தாலும் சரி, திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு என்னால் கடையை விட்டு வர முடியாது.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடைக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)